கொங் கொங்கும் தாத்தாவும்: இரு இனக் குடும்பத்தின் நினைவு நூலைத் தமிழில் கற்பிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரில் பதிவாகும் திருமணங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று வெவ்வேறு இனத்தவருக்கிடையே நடப்பது. ஆகவே நீங்கள் எந்தத் தமிழ் வகுப்பை எடுத்தாலும், ஒரு தாத்தாவை ‘தாத்தா’ என்றும் இன்னொருவரைச் சீனத்தில் ‘கொங் கொங்’ என்றும் கூப்பிடும் பிள்ளை ஒன்றாவது அதில் உட்கார்ந்திருக்கும். அந்தப் பிள்ளையின் வீடு பாடமாக வருவது அரிது.

வார இறுதிகளில் 15 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளோடு ஒரு வாசிப்பு வட்டம் நடத்துகிறேன். புத்தகம் ஆங்கிலத்தில், பேச்சும் எழுத்தும் தமிழில். அங்கே நான் மூன்று முறை எடுத்த நூல் ஜேம்ஸ் மெக்பிரைட் எழுதிய ‘தி கலர் ஆஃப் வாட்டர்’. 1921இல் போலந்தில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்து, அமெரிக்காவின் வெர்ஜீனியா மாநிலத்தில் வளர்ந்து, நியூயார்க்கில் ஒரு கறுப்பரை மணந்துகொண்டு, 12 பிள்ளைகளை ஆளாக்கிய தாயைப் பற்றி மகன் எழுதியது. ஓர் அத்தியாயம் தாயின் குரல், அடுத்தது மகனின் குரல் என மாறி மாறி வரும். உங்கள் கையில் வேறொரு நூல் இருந்தாலும் கீழே சொல்லும் படிகளில் பெரும்பாலானவை பொருந்தும்.

முதல் முறை நன்றாகச் சொதப்பினேன். அடிமை முறை, இனவெறி, நம் ஊரின் நான்கு இனப் பிரிவுகள் என்று 40 நிமிடம் திரையில் படம் காட்டினேன். பாதிப் பேருக்குக் கொட்டாவி. கடைசியில், அம்மா சீனரான ஒரு பையனைப் பார்த்து, “உனக்கு இது எப்படி இருக்குப்பா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். “டீச்சர், அது எங்க வீடு. அவ்வளவுதான்.” அதன்பிறகு இரண்டு வாரம் அவன் வாயைத் திறக்கவில்லை. கீழே இருப்பது அந்தப் பதிலுக்குப் பிறகு நான் மாற்றிக்கொண்ட முறை.

படி 1: முழுதாகப் படியுங்கள், பிறகு வெட்டுங்கள்

பின்னட்டையை நம்பி வகுப்புக்குப் போகாதீர்கள். இந்தத் தாயின் அத்தியாயங்களில் அவளுடைய தந்தையே அவளிடம் தகாத முறையில் நடந்துகொண்டது வருகிறது. திருமணத்துக்கு முந்தைய கர்ப்பம் வருகிறது. அவற்றை வகுப்பில் சத்தமாக வாசிக்க வேண்டியதில்லை. எதைத் தவிர்க்கிறோம் என்பதைப் பிள்ளைகளிடம் மறைக்கவும் வேண்டியதில்லை. நான் எட்டு அத்தியாயங்களைத் தேர்ந்தெடுத்து, மற்றவற்றில் என்ன இருக்கிறது என்று இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். பெற்றோருக்கும் முன்கூட்டியே ஒரு குறிப்பு போய்விடும். ஆறு வாரம், வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தால் போதும்.

கறுப்பர்களை இழிவுபடுத்தும் சொல்லும் நூலில் வரும். அதை யாரும் உச்சரிக்கக் கூடாது, அந்த இடத்தில் நிறுத்தி ‘அந்தச் சொல்’ என்று வாசிக்க வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். “நம்ம வீட்டிலயும் மத்த இனத்துக்காரங்களுக்கு இப்படிப் பேரு இருக்கு டீச்சர்” என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். ஆமாம், இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளுங்கள். பட்டியல் போடாதீர்கள். போட்டால் அந்தச் சொற்கள்தான் மனதில் நிற்கும், புத்தகம் நிற்காது.

படி 2: பின்னணிக்கு இருபது நிமிடம், அதற்கு மேல் வேண்டாம்

பிள்ளைகளுக்குத் தேவை இரண்டே ஆண்டுகள். வெள்ளையர் பிற இனத்தவரை மணப்பதை வெர்ஜீனியா 1924இல் கடுமையான சட்டம் போட்டுத் தடுத்தது. 1967இல் லவிங் என்ற தம்பதி தொடுத்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அத்தகைய சட்டங்களைச் செல்லாதவை ஆக்கியது. நூலின் தாய் வளர்ந்தது அந்த வெர்ஜீனியாவில். மணம் செய்தது அப்படியொரு தடை இல்லாத நியூயார்க்கில், 1942இல். வரைபடத்தில் இரண்டு ஊரையும் காட்டினால் மீதியை அவர்களே புரிந்துகொள்வார்கள்.

இங்கே உடனே சிங்கப்பூரைக் கொண்டுவந்து ஒப்பிட ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். வெர்ஜீனியாவில் இருந்தது சிறைத் தண்டனைக்கு வழிவகுத்த சட்டம். நம் குடும்பங்களின் சங்கடங்கள் பெரும்பாலும் படிவத்திலும் சாப்பாட்டு மேசையிலும் கிடந்தவை. இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் இரண்டுமே பொய்யாகிவிடும்.

படி 3: உறவுச் சொற்களில் தொடங்குங்கள்

என் அனுபவத்தில் இந்தப் பாடம் நிற்பதும் விழுவதும் இந்தப் படியில்தான். இனத்தைப் பற்றிப் பேச்செடுக்காமல், ஆளுக்கொரு பெரிய தாளைக் கொடுங்கள். “வீட்டில் யார் யாரை என்ன சொல்லிக் கூப்பிடுவீர்கள்? காதில் விழுவது போலவே எழுதுங்கள்.” எல்லாரும் எழுத வேண்டும். அம்மா அப்பா இருவரும் தமிழர் என்ற பிள்ளையும் எழுத வேண்டும்.

கால் மணி நேரத்தில் வகுப்பு கலகலவென்று ஆகிவிடும். ஒருத்தி தாளில் தாத்தா, பாட்டி, கொங் கொங், போ போ என்று நால்வர். இன்னொருவனின் மலாய் அம்மா வழியில் பாக் லோங், பாக் சு. ‘எங்க வீட்டுல எல்லாரும் தமிழ்தான்’ என்று அலட்சியமாகத் தொடங்கிய பையன், பாட்டியை ‘அம்மம்மா’ என்று எழுதிவிட்டு, அது ஏன் மற்றவர்கள் வீட்டில் ‘அம்மாச்சி’ என்றோ ‘அம்மாயி’ என்றோ இருக்கிறது என்று விழிப்பான். தெலுங்குப் பாட்டி வெளிவருவார். மலையாளத் தாத்தா வெளிவருவார்.

அப்புறம் இதைக் காட்டுங்கள்: தமிழில் அம்மாவின் சகோதரர் மாமா, அப்பாவின் அண்ணன் பெரியப்பா, தம்பி சித்தப்பா. மாண்டரினிலும் இந்த மூவருக்கும் மூன்று சொல் உண்டு: ஜியூ ஜியூ, போ போ, ஷூ ஷூ. மலாயில் பிறப்பு வரிசைப்படி லோங் மூத்தவர், சு இளையவர். ஆங்கிலத்தில் எல்லாருமே ‘அங்கிள்’. அதாவது, சீன அம்மாவும் தமிழ் அப்பாவும் உள்ள வீட்டில் உறவைப் பார்க்கும் கண் ஏறக்குறைய ஒன்றுதான். இருவரும் பேசிக்கொள்ளும் ஆங்கிலத்தில்தான் அது மங்கிப்போகிறது. அன்று வாய் திறக்காத பையன் போன்றவர்கள் இந்த இடத்தில் தாமாகப் பேசத் தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன். (இன்னொரு ‘போ போ’ அம்மாவழிப் பாட்டியைக் குறிக்கும். எழுத்தில் ஒன்று போலத் தெரிந்தாலும் உச்சரிப்பு வேறு. அதை உச்சரித்துக் காட்டும் வேலையைத் தெரிந்த பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். நீங்கள் முயற்சி செய்தால் சிரிப்பார்கள். அதுவும் நல்லதுதான்.)

சில தாள்களில் இன்னொன்றும் வரும். சீன முகமும் தமிழ்ப் பெயரும் கொண்ட ஒரு பெரியத்தை, அல்லது கொள்ளுப்பாட்டி. ஜப்பானியர் ஆட்சிக் காலத்திலும் அதற்குப் பிந்தைய வறுமையிலும், வளர்க்க முடியாத சீனக் குழந்தைகளை, முக்கியமாகப் பெண் குழந்தைகளை, இந்திய, மலாய்க் குடும்பங்கள் தத்தெடுத்தது இங்கும் மலாயாவிலும் பரவலாக நடந்தது. பூ வைத்து, பொட்டு வைத்து, சுத்தமான தமிழ் பேசி வாழ்ந்தவர்கள் அவர்கள். ‘இரு இனம்’ என்றால் திருமணம் மட்டும்தான் என்ற நினைப்பு அந்தத் தாளோடு போய்விடும். நீங்களாக இதைத் தோண்டாதீர்கள். வந்தால் பேசுங்கள், வராவிட்டால் பொதுவாகச் சொல்லிவிட்டு நகருங்கள்.

படி 4: நம் சொற்களைச் சோதியுங்கள்

பலகையில் மூன்று சொற்களை எழுதுங்கள்: கலப்பினம், கலப்புத் திருமணம், இனம்.

‘கலப்பினம்’ என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது மாட்டுப் பண்ணை. கலப்பினப் பசு, கலப்பின விதை. மனிதருக்கு அந்தச் சொல்லை நான் பயன்படுத்துவதில்லை. பிள்ளைகள் ‘சிண்டியன்’ என்பார்கள். சீன, இந்தியப் பெற்றோரின் பிள்ளைகள் பலர் தங்களை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள். ஆனால் தன்னைத் தானே சொல்லிக்கொள்வது வேறு, அடுத்தவர் ஒட்டுவது வேறு. ‘கலப்புத் திருமணம்’ என்பது தமிழ்நாட்டில் சாதி மாறிச் செய்யும் திருமணம். இங்கே இனம் மாறிச் செய்வது. ஒரே சொல்லுக்குக் கடலின் இருபுறமும் வேறு வேறு காயம். ‘இனம்’ என்பது பழைய தமிழில் உறவுக் கூட்டத்தையும் கூடிப் பழகுபவர்களையும் குறித்தது. அடையாள அட்டையில் உள்ள பொருள் பின்னால் ஏறியது. இதற்கு அரை மணி நேரம் ஒதுக்கலாம்.

படி 5: ‘தலைமுழுகு’ என்ற சொல்லோடு முதல் அத்தியாயத்தை வாசியுங்கள்

நூல் தொடங்கும்போதே அந்தத் தாய் தன் பிறந்த வீட்டுக்குத் தான் எப்போதோ செத்துப்போனவள் என்கிறாள். கறுப்பரை மணந்தாள் என்பதற்காக, உயிரோடு இருப்பவளுக்கே யூத முறைப்படி இறந்தவருக்குச் செய்யும் துக்கச் சடங்கைக் குடும்பம் செய்துவிட்டது.

பிள்ளைகள் அதிர்ச்சி அடைவார்கள். எவ்வளவு விநோதமான வழக்கம் என்பார்கள். அப்போது கேளுங்கள்: “அவனைத் தலைமுழுகியாச்சு” என்று யாராவது சொல்லக் கேட்டதுண்டா? பலர் கேட்டிருப்பார்கள். நாடகத்திலோ பாட்டி வாயிலோ. அதன் பொருளும் தெரியும். ஏன் தலை, ஏன் முழுகு என்று யோசித்திருக்க மாட்டார்கள். சாவு வீட்டுக்குப் போய் வந்தால் தலைக்குக் குளிக்கிறோம். உயிரோடு இருப்பவரைச் செத்தவராக எண்ணிக் குளித்துவிடுவதுதான் தலைமுழுகுவது. அந்த யூதக் குடும்பம் செய்த அதே காரியத்தைத் தமிழ் ஒரே சொல்லில் மடித்து வைத்திருக்கிறது.

இதைச் சொன்னதும் வகுப்பில் ஓர் அமைதி வரும். உடனே அடுத்த கேள்விக்குப் போகாதீர்கள். ஒரு நிமிடம் இருக்கட்டும். பிறகு முதல் அத்தியாயத்தை மறுபடியும், இம்முறை தமிழில் சொல்லிக்கொண்டே வாசியுங்கள்.

ஓர் எச்சரிக்கை. “உங்க வீட்டில் யாரையாவது தலைமுழுகியிருக்கிறார்களா?” என்று கேட்கக் கூடாது. கேட்காமலே சிலர் நினைத்துக்கொள்வார்கள்.

படி 6: ஓர் உரையாடலை மொழிபெயர்க்கச் சொல்லுங்கள்

மகன் சிறுவனாக இருக்கும்போது, தன் தாய் மற்ற தாய்மார்களைப் போல இல்லை என்று கவனிக்கிறான். நீங்கள் வெள்ளையா என்று கேட்கிறான். அவள் நேராகப் பதில் சொல்லாமல், தன் தோல் கொஞ்சம் வெளிர் நிறம், அவ்வளவுதான் என்கிற மாதிரி மழுப்புகிறாள். அந்தச் சின்ன உரையாடலை இருவர் இருவராகத் தமிழாக்கச் சொல்லுங்கள்.

மகன் அம்மாவை ‘நீ’ என்பானா, ‘நீங்கள்’ என்பானா? சிங்கப்பூர் வீடுகளில் இரண்டும் உண்டு. சண்டை அங்கேயே தொடங்கும். அடுத்தது தாயின் பதில். ‘மாநிறம்’ என்று ஒரு குழு, ‘வெளுப்பு’ என்று ஒரு குழு. ஒரு மாணவி ‘நான் கொஞ்சம் சிவப்பு, அவ்வளவுதான்டா’ என்று எழுதினாள். எனக்குத் தெரிந்து இதைவிடச் சரியான தமிழ் கிடையாது. ஏனென்றால் நம்மில் ஒருவரைத்தான் நாம் ‘சிவப்பு’ என்போம். வெள்ளைக்காரரைச் சிவப்பு என்று யாரும் சொல்வதில்லை. அந்தத் தாய் பயன்படுத்தும் ‘லைட் ஸ்கின்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லும் அப்படித்தான். அது கறுப்பர்கள் தங்களுக்குள் நிறம் வெளுத்தவரைக் குறிக்கப் பயன்படுத்துவது. ஒரே சொல்லில் கேள்வியையும் தட்டிக் கழித்து, தன்னைப் பிள்ளைகள் பக்கமாகவும் நகர்த்திக்கொள்கிறாள். பொய் சொன்னாளா என்று விவாதிக்க விடுங்கள். வகுப்பு இரண்டாகப் பிரியும். நீங்கள் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

நம் வீடுகளில் ‘நல்ல கலரு’ என்ற பேச்சு எப்படிப் புழங்குகிறது என்பதும் இங்கே தானாக வந்து விழும். கறுப்பான தமிழ்ப் பிள்ளைகளுக்கு அதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கும். கேளுங்கள்.

படி 7: தண்ணீருக்கு என்ன நிறம்?

நூலின் தலைப்பு இன்னோர் உரையாடலிலிருந்து வருவது. கடவுள் கறுப்பா வெள்ளையா என்று மகன் கேட்க, தண்ணீரின் நிறம் என்று தாய் சொல்லிவிடுகிறாள். அழகான பதில்தான். அதனாலேயே அதைச் சந்தேகிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

அதற்குத் திருக்குறள் உதவும். சிற்றினம் சேராமை அதிகாரத்தின் இரண்டாம் குறள், 452, என்ன சொல்கிறது? நிலத்தின் தன்மையால் நீர் திரிந்துவிடும். அதுபோல மனிதரின் அறிவு அவர் சேர்ந்த இனத்தின் தன்மையாகிவிடும். நீர், இனம் இரண்டும் ஒரே குறளில். தாய் நீருக்கு நிறமில்லை என்கிறாள். வள்ளுவர் நீர் மண்ணின் குணத்தை வாங்கிக்கொள்ளும் என்கிறார். யார் சொல்வது இந்தக் குடும்பத்துக்குப் பொருந்துகிறது? யூத மண்ணிலிருந்து வந்து கறுப்பர் தேவாலயத்தில் பாடும் தாய் எந்த நீர்? விவாதத்தை இரண்டு அணியாக நடத்தினால் தேர்வுக்குப் படித்த குறளுக்குத் திடீரென்று உயிர் வந்துவிடும்.

குறுந்தொகையின் செம்புலப் பெயல்நீர்ப் பாட்டை யாராவது கொண்டுவருவார்கள். நானாக அதை எடுப்பதில்லை. அது இருவர் நெஞ்சம் கலந்த கதை. நம் நூலின் சிக்கல் பிள்ளைகள் பிறந்த பிறகு தொடங்குகிறது.

படி 8: இப்போது சிங்கப்பூருக்கு வாருங்கள்

நான்காம் வாரம் இதற்குச் சரியான நேரம். முதலில் ஒரு கேள்வி: தமிழ் முரசைத் தொடங்கிய தமிழவேள் கோ. சாரங்கபாணியின் மனைவி யார்? பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தெரியாது. 1935இல் அந்த நாளிதழைத் தொடங்கி, தமிழர் திருநாளை நடத்தி, தமிழுக்காக வாழ்நாள் முழுதும் உழைத்தவர் மணந்தது ஒரு பெரானாக்கான் சீனப் பெண்ணை, அதாவது பல தலைமுறையாக இங்கே வாழ்ந்து மலாய்ப் பழக்கங்கள் கலந்த சீனச் சமூகத்தவரை. தமிழ் அடையாளம் என்றதும் நாம் நினைக்கும் மனிதரின் வீடே இரு இன வீடு. இதைக் கேட்டதும் சீன அம்மா உள்ள பிள்ளைகளின் முதுகு கொஞ்சம் நிமிரும். நான் பார்த்திருக்கிறேன்.

பிறகு இன்னும் பின்னால் போகலாம். மலாக்காவில் வணிகம் செய்ய வந்த தமிழர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்து உருவான மலாக்காச் செட்டிகள் பேசுவது மலாய், வணங்குவது மாரியம்மனை. தமிழ் முஸ்லிம்களும் மலாய்க்காரர்களும் கலந்த ஜாவி பெரானாக்கான் சமூகம் 1876இல் சிங்கப்பூரில் ஒரு மலாய் மொழி இதழை நடத்தியது. அந்தச் சமூகத்தின் பெயர்தான் இதழின் பெயரும். கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்துக்கு ஒரு மதியம் அழைத்துப் போனால், நூறு முறை வாயால் சொல்வதைவிட நன்றாகப் பதியும்.

அடையாள அட்டையைப் பற்றிச் சுருக்கமாகப் பேசினால் போதும். 2011 ஜனவரி முதல் பெற்றோர் இருவரின் இனத்தையும் கோடு போட்டுப் பதியலாம். அந்தக் கோட்டுக்கு முன்னால் எது, பின்னால் எது என்பது வெறும் அழகுக்காக இல்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் ஒவ்வோர் இனத்துக்கும் வரம்பு வைத்து 1989 முதல் நடப்பில் உள்ள இன ஒதுக்கீட்டில் முன்னால் உள்ள இனமே கணக்கு. ‘அப்போ எதை முதல்ல போடுறதுன்னு வீட்டுல சண்டை வருமா?’ என்று ஒருத்தி கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் இன்னொருத்தி, ‘எங்க வீட்டுல டாஸ் போட்டாங்களாம்’ என்றாள். உண்மையோ விளையாட்டோ தெரியாது, வகுப்பே சிரித்தது.

படி 9: எழுத வையுங்கள், ஆனால் எல்லாவற்றையும் கேட்காதீர்கள்

மெக்பிரைடின் தாய் தன் கதையைச் சொல்ல மறுத்துக்கொண்டே இருந்தாள். அவளிடமிருந்து அதை வாங்க மகனுக்குப் பல ஆண்டுகள் ஆயின. உங்கள் பிள்ளைகளுக்கு இருப்பது இரண்டு வாரம். ஆகவே ‘உன் குடும்ப வரலாற்றை எழுது’ என்ற பணி வேண்டாம்.

என் பணி இதுதான். வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் ஒரே ஒரு நாளைப் பற்றிக் கேள். இந்த வீட்டுக்கு முதன்முதலில் வந்த அன்று என்ன சமைத்திருந்தார்கள், யார் பரிமாறினார்கள், எது தொண்டையில் இறங்கவில்லை. தாளை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் அவர் குரல், இன்னொரு பக்கம் உன் குரல். அவர் மலாயிலோ ஹொக்கியனிலோ சொன்னால் அந்தச் சொற்களைத் தமிழ் எழுத்தில் அப்படியே விடலாம். சாப்பாட்டைப் பற்றிக் கேட்பதற்குக் காரணம் உண்டு: திருமணத்துக்கு யார் வரவில்லை என்ற கேள்விக்கு மௌனமாகிவிடும் பாட்டி, ரசத்தில் எவ்வளவு மிளகு என்ற கேள்வி வழியாக அதே இடத்துக்குத் தாமாக வந்துவிடுவார்.

எப்படிக் கேட்பது என்று தெரியாமல் தவிப்பவர்களுக்குத் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளைப் போட்டுக் காட்டுங்கள். 1979 முதல் சேர்த்து வருகிறார்கள். தமிழ்ப் பேட்டிகளும் உண்டு. கேள்வி கேட்பவர் எங்கே சும்மா இருக்கிறார் என்று கவனிக்கச் சொல்லுங்கள்.

மூன்று விதி. பேசியவர் ‘இதை எழுதாதே’ என்றால் எழுதக் கூடாது. வகுப்பில் வாசிப்பது அவரவர் விருப்பம். சொந்த வீட்டைப் பற்றி எழுத விரும்பாதவர், நூலின் 12 பிள்ளைகளில் ஒருவராகத் தன்னை நினைத்து எழுதலாம். இந்த மூன்றாவது வழியை வெளிப்படையாகச் சொல்லி வையுங்கள். இல்லையென்றால், வீட்டில் பிரச்சினை உள்ள பிள்ளை பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

மதிப்பெண் போட வேண்டிய கட்டாயம் இருந்தால் இரண்டு குரலும் வேறுபட்டுக் கேட்கிறதா என்று மட்டும் பாருங்கள். குடும்பம் எவ்வளவு சுவாரசியமானது என்பதற்கு மதிப்பெண் கிடையாது. எழுத்துப்பிழைகளைத் தனித்தாளில் குறித்துக் கொடுங்கள். பாட்டி சொன்னதன் மேல் சிவப்பு மை படக் கூடாது.

போன முறை ஒரு மாணவி ஒலிப்பதிவோடு வந்தாள், முகம் வாடியிருந்தது. அவளுடைய போ போவுக்கு ஆங்கிலம் வராது, இவளுக்குக் கன்டனீஸ் அரைகுறை. 40 விநாடிதான் பதிவு. அதில் பாட்டி எதற்கும் பதில் சொல்லவில்லை. திரும்பத் திரும்ப “சாப்பிட்டியா?” என்று தமிழில் கேட்கிறார். அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் அது, மருமகனிடம் கேட்பதற்காகக் கற்றுக்கொண்டது. ‘ஒண்ணுமே கிடைக்கல டீச்சர்’ என்றாள். அந்த 40 விநாடியையே எழுதச் சொன்னேன். அடுத்த வாரம் நான்கு பக்கம் கொண்டுவந்தாள்.